டம்மி என்று எழுதப்பட்ட நாலு பேர்

கம்பெனியிலிருந்து தினேஷ் போன் செய்தான். நான் வேலை பார்த்த கம்ப்ரசர் ரூமில் இப்போது அவன்தான் இருக்கிறான். பாதுகாப்பு வாரத்துக்கு மலர் போடுகிறார்களாம், ரிட்டயர் ஆனவர்களிடம் ஆளுக்கொரு அனுபவம் வாங்குகிறார்களாம்.

“பழைய சங்கை எறக்கிட்டாங்கண்ணே. இப்ப எல்லாம் ஆட்டோமேட்டிக். தலை எண்றது கூட கெடயாது, கார்டைத் தேச்சா கம்ப்யூட்டரே சொல்லிடுது. நீங்க அந்த நாலு டம்மி கதையை எழுதிக் குடுங்கண்ணே. செம காமெடியா இருக்கும்.”

“உனக்கு யாரு சொன்னா அதை?”

“கேன்டீன்ல எல்லாரும் சொல்வாங்களேண்ணே. மாக் டிரில்ல ஒருத்தன் இல்லாத ஆளுங்களைக் காணோம்னு சொல்லி மொத்தக் கம்பெனியையும் வெயில்ல காய வச்சானாமே!”

போனை வைத்துவிட்டேன். சரி என்று சொன்னேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டு, “நான் சரின்னு சொன்னனாப்பா?” என்று கேட்டேன். சொன்னேனாம். இது என் சுபாவம். கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். காமெடியாக எழுத எனக்கு வராது. என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன். அதற்கப்புறம் அதைக் கேன்டீனில் சொல்லிச் சிரிக்கலாமா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. ஒரகடத்துப் பக்கம் கம்பெனிகள் வந்தபோது எங்கள் நிலமும் அதில் போனது. அதனால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. முதலில் தோட்ட வேலை, பிறகு ஜெனரேட்டருக்கு உதவியாள், பிறகு கம்ப்ரசர். கூட இருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். கம்ப்ரசரோடு சங்கும் என் கைக்கு வந்தது. அந்த சைரனை நாங்கள் சங்கு என்றுதான் சொல்வோம். எனக்கே அது பட்டப்பெயர் ஆகிவிட்டது. “இன்னா சங்கு, எனக்கு எப்ப ஊதப்போற?” என்று கேட்காத ஆள் கிடையாது. ஊதினால் செத்தவனுக்குத்தானே ஊதுவார்கள், அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, பெட்டி பூட்டியிருக்கிறதா என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

சங்கில் இரண்டு சத்தம் உண்டு. ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து, வெளியே ஓடி வா என்று அர்த்தம். ஒரே நீளமாக ஊதினால் ஆபத்து இல்லை, உள்ளே போ. இதை நீளச் சங்கு என்போம். சுவிட்ச் பெட்டி மைதானத்தைப் பார்த்த கம்பத்தில் இருந்தது. சாவி என் அரைஞாண் கயிற்றில். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் இறங்கி ஓடிவந்து அந்தப் பெட்டியை இழுத்துப் பார்த்திருக்கிறேன். டிரைவர் ஹாரன் அடித்துத் திட்டுவார். தெரியாமல் எவனாவது ஊதிவிட்டால், ஆயிரம் பேர் விழுந்தடித்து ஓடினால், அதில் ஒருவன் மிதிபட்டால்? அந்த நினைப்போடுதான் வேலை பார்த்தேன்.

சேஃப்டி ஆபீசர் தேவசகாயம் சார். தீயணைப்புத் துறையில் இருந்து வந்தவர். ஒல்லியான மனிதர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. ஓடவே மாட்டார். “நான் ஓடினா பின்னாடி எல்லாரும் ஓடுவான்” என்பார். மாதம் ஒரு தடவை மாக் டிரில், அதாவது ஒத்திகை. நான் ஏற்ற இறக்கமாக ஊத வேண்டும். எல்லாரும் மைதானத்தில் அவரவர் செக்‌ஷன் போர்டுக்குக் கீழே வரிசையாக நிற்க வேண்டும். செக்‌ஷனுக்கு ஒருவர் கையில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு தலை எண்ணுவார். சார் மெகாபோனோடு ஒவ்வொரு வரிசையாக வருவார்.

அவர் கேட்கிற கேள்வியை நான் சொல்லியே ஆக வேண்டும். மற்ற கம்பெனிகளில், “எல்லாரும் இருக்காங்களா?” என்று கேட்பார்கள். சார் அப்படிக் கேட்க மாட்டார். “யார் இல்ல?” என்று கேட்பார்.

ஒரு தடவை நான் ஏன் சார் என்று கேட்டேன். “எல்லாரும் இருக்காங்களான்னு கேட்டா வாய் தானா ஆமான்னு சொல்லிடும்பா. யார் இல்லன்னு கேட்டாத்தான் திரும்பிப் பாப்பான்” என்றார்.

இல்லை என்று ஒரு பேர் வந்தால், அந்தப் பேரை மெகாபோனில் மூன்று தடவை கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்பார். அப்புறம் இரண்டு கேள்வி: கடைசியாக எங்கே இருந்தார், யார் பார்த்தது. “ரிப்போர்ட் வாங்கிட்டேன்” என்று அவர் சொல்லிவிட்டால், பிறகு அது அவர் பொறுப்பு. அவர் என்னைப் பார்த்துத் தலையசைக்காமல் நீளச் சங்கு ஊதக் கூடாது. முதலாளியே வந்து சொன்னாலும் கூடாது. சாவி கொடுத்த அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டார்.

நேசராசா எங்களிடம் கான்ட்ராக்டில் லோடிங்குக்கு வந்தவர். இலங்கை அகதி. முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், காதோரம் நரைத்திருந்தது. முகாமில் மாதம் ஒரு நாள் அதிகாரி வந்து ஆள் எண்ணுவார், அன்றைக்கு லீவு போட்டே ஆக வேண்டும். கான்ட்ராக்டர் ஆள் கத்துவான்: “யோவ் நேசா, மாசாமாசம் உன்னை எண்ணுறாங்களே, அப்படி எத்தினி பேருய்யா கீறீங்க உங்க வூட்ல?”

“ஒராள் அண்ணை” என்பார் நேசன்.

அவர் வந்த புதிதில் எனக்கு ஒரே கவலை. யுத்தத்திலிருந்து வந்தவர், சங்குச் சத்தம் கேட்டால் பயந்துவிடுவாரே என்று, ஒவ்வொரு டிரில்லுக்கும் முன்னால் லோடிங் பக்கம் போய், “இப்ப ஊதப் போறேன், பயப்படாத நேசா” என்று சொல்லிவிட்டு வருவேன். மூன்றாவது மாதமோ என்னவோ, அவர் சிரித்துவிட்டார்.

“எங்கட ஊரிலை சங்கு இல்லை அண்ணை. சங்கு ஊதினா எனக்கு நல்லாத்தான் இருக்கு. முன்கூட்டியே சொல்லுறியள் எல்லோ.”

அதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரசர் ரூமுக்கு வர ஆரம்பித்தார். நான் கொண்டுபோகிற குழம்பு அவருக்குப் பிடிக்கும். உறைப்புக் காணாது, அதாவது காரம் போதாது என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். கம்ப்ரசர் ஓடும்போது காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். தன் வீட்டுக் கதையை அவர் எனக்கு அப்படித்தான் சொன்னார். அழுதுகொண்டே சொல்ல வேண்டிய விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு அம்மா, மனைவி, ஒரு பெண், ஒரு பையன். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, மேலே பனைமரக் குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டு வைத்திருந்தார்கள். பங்கர் என்றார். விமானச் சத்தம் கேட்டதும் அதற்குள் போய்விட வேண்டும். அன்றைக்கு அவர் மண்ணெண்ணெய் வாங்கக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போயிருந்தார். குண்டு விழுந்தபோது ரோட்டோர வாய்க்காலில் படுத்துக்கொண்டார். விமானங்கள் போன பிறகு தப்பினவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். யாரோ ஒருவர், “உன்ர ஆக்கள் பக்கத்து ஒழுங்கைப் பங்கருக்குள்ளை போனதைக் கண்டனான்” என்று நேசனிடம் சொல்லியிருக்கிறார். ஒழுங்கை என்றால் சந்து. அந்த நேரத்தில் கிராமத்து அதிகாரியான விதானையார் குடும்பம் குடும்பமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். “நேசராசா, எல்லாரும் இருக்கினமோ?”

“ஓம் எண்டு சொன்னன் அண்ணை!” என்று என் காதில் கத்தினார். “ஓம், எல்லாரும் இருக்கினம் எண்டு சொன்னன்!”

அதனால் மண்வெட்டியோடு கிளம்பியவர்கள் வேறு வீடுகளுக்குப் போனார்கள். சாயங்காலம் பக்கத்து ஒழுங்கைக்காரர்கள் வந்தபோது அவர்களோடு நேசன் வீட்டார் இல்லை. தங்கள் பங்கரில்தான் இருந்திருக்கிறார்கள். பக்கத்தில் விழுந்த குண்டில் வாசல் மண் சரிந்து மூடியிருந்தது. தோண்டி எடுத்தபோது நாலு பேர் உடம்பிலும் ஒரு கீறல் கூட இல்லையாம், மூச்சு முட்டித்தான் போயிருக்கிறார்கள்.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இனி டிரில் விஷயம். நல்ல சித்திரை வெயில். லோடிங்கில் வழக்கமாகத் தலை எண்ணுகிறவர் லீவு. கான்ட்ராக்டர் ஆள் மஞ்சள் பட்டையை நேசன் கையில் கட்டிவிட்டான். “இந்தா, இன்னிக்கு நீதான். இவனுங்க கைல குடுத்தா தன்னை எண்ணவே மறந்துடுவானுங்க.”

நான் ஊதினேன். எல்லாரும் வந்து நின்றார்கள். தேவசகாயம் சார் கிராம்பை மென்றுகொண்டு நடந்து வந்தார்.

“பெயிண்ட் ஷாப், யார் இல்ல?”

“எல்லாரும் கீறோம் சார்.”

“பிரஸ் ஷாப், யார் இல்ல?”

“ஒருத்தரு பாத்ரூம்ல... தோ, வந்துட்டாரு சார், பேன்ட்டைப் புடிச்சிக்கினு ஓடியாறாரு.”

சிரிப்பு அடங்கியதும் சார் அடுத்த வரிசைக்கு வந்தார். “லோடிங், யார் இல்ல?”

நேசன் தலையைத் தூக்கிச் சாரைப் பார்த்தார். அவர் அந்தக் கேள்வியைப் பல மாதமாக வரிசையில் நின்று கேட்டிருக்கிறார். ஆனால் கேள்வி ஒரு நாளும் அவர் முகத்தைப் பார்த்து வந்ததில்லை. சார் இன்னொரு தடவை கேட்டார்.

“நாலு பேர் இல்லை சேர்” என்றார் நேசன்.

“பேர் சொல்லுங்க.”

“பாக்கியம்.”

சார் மெகாபோனைத் தூக்கினார். “பாக்கியம். பாக்கியம். பாக்கியம். எங்க இருந்தாலும் சத்தம் குடுங்க.” அவர் குரல் ஷெட்டுத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது.

கான்ட்ராக்டர் ஆள் பதறிப்போனான். “யோவ், இன்னாய்யா ஒளற்ற? லோடிங்ல ஏதுய்யா பொம்பளை?” பின்னாலிருந்து எவனோ, “பாக்கியம் இன்னிக்கு லீவு சார்!” என்று கத்தினான். மைதானமே சிரித்தது. சார் திரும்பிப் பார்க்கவில்லை.

“அடுத்த பேர்?”

“தவமணி.” மூன்று தடவை.

“நிரோஜா.” மூன்று தடவை.

எனக்கு அந்தப் பேர்கள் தெரியும். அதற்குள் ஹெச்.ஆர். மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“என்ன தேவசகாயம் இது? லைன் நிக்குது. இந்தாளு குடிச்சிருக்கானா? இன்னியோட கேட்டுக்கு வெளிய அனுப்புங்க.” என் பக்கம் திரும்பினார். “ஏகாம்பரம், நீ ஆல் கிளியர் ஊது.”

என் கை சுவிட்சில் இருந்தது. ஊதினால் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள், நேசன் மட்டும் வெளியே போவார். முகாம் ஆளுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைப்பது லேசில்லை. விசாரணை, சான்றிதழ், போலீஸ் என்று அலைய வேண்டும். ஊதாவிட்டால் என் வேலைக்கு என்ன ஆகுமோ. மனைவிக்கு அப்போதுதான் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. இத்தனையும் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடின. அதோடு, பெட்டியை விட்டு நகரவும் கூடாது என்பது சட்டம்.

நான் பெட்டியைப் பூட்டினேன். நடந்து சாரிடம் போனேன். கம்ப்ரசர் ரூம்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. அன்றைக்கு மட்டும் எனக்கு வந்தது. “சார், அவங்க இவர் குடும்பம். அம்மா, சம்சாரம், புள்ளைங்க. பிளேன்ல குண்டு போட்டு செத்துட்டாங்க சார். இன்னும் ஒரு பேர் பாக்கி கீது. சின்னப் பையன்.”

சார் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். ஹெச்.ஆர். மேனேஜரைப் பார்த்தார், நேசனைப் பார்த்தார்.

“நாலாவது பேர்?”

“கஜன்.”

“கஜன்” என்று மெகாபோனில் கூப்பிட்டார். “கஜன். கஜன். எங்க இருந்தாலும் சத்தம் குடுப்பா.” மற்ற பேர்களுக்கு ‘குடுங்க’ என்றவர் இந்தப் பேருக்கு ‘குடுப்பா’ என்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மெஷின் எல்லாம் நின்றிருந்ததால் ரோட்டில் போகிற லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

மெகாபோனை இறக்கிவிட்டு நேசன் பக்கத்தில் போனார். “கடைசியா எங்க இருந்தாங்க?”

“வீட்டுக்குப் பின்னாலை. பங்கருக்குள்ளை.”

“யார் பாத்தது?”

“ஒருத்தரும் பாக்கேல்லை சேர். நானும் தேடேல்லை.”

“சரி. ரிப்போர்ட் வாங்கிட்டேன்.”

எல்லாரிடமும் சொல்கிற அதே வார்த்தைதான். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் போய்ப் பெட்டியைத் திறந்து நீளச் சங்கு ஊதினேன். எல்லாரும் உள்ளே போனார்கள். நேசன் மஞ்சள் பட்டையை அவிழ்த்து மடித்துச் சார் கையில் கொடுத்தார்.

மத்தியானம் என்னையும் ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். தேவசகாயம் சார் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். “டம்மி மிஸ்ஸிங் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “இல்லாத ஆளை இல்லன்னு சொன்னா நம்ம ஆளுங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு டெஸ்ட் பண்ணினேன். பேரெல்லாம் நான் குடுத்ததுதான். முன்னாடியே சொன்னா வெளிய தெரிஞ்சிடும்னு உங்ககிட்டயும் சொல்லல, மன்னிச்சிடுங்க.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்” என்றேன். அது வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் சார் சொன்னார்: “உண்மையைச் சொன்னா ஐயோ பாவம்பாங்க. அப்புறம் மூளை சரியில்லன்னு எழுதி அனுப்பிடுவாங்க. இப்ப வேலை இருக்கும்.” கொஞ்ச தூரம் நடந்தார். “ஆனா ரிப்போர்ட்ல டம்மின்னு எழுதிட்டனேப்பா” என்றார்.

வேலை இருந்தது. ஆனால் அந்த வார்த்தை கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. “இன்னா நேசா, டம்மி சம்சாரம் கெடச்சிச்சா?” என்று கேட்பார்கள். கெட்டவர்கள் இல்லை, தெரியாமல் கேட்டவர்கள். வாயைத் திறந்தால் சாரின் பொய் வெளியே வரும், நேசன் வேலை போகும். நான் எழுந்து கம்ப்ரசர் ரூமுக்குப் போய்விடுவேன். ஒரு நாள் தாங்காமல் அவரிடமே கேட்டேன், உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று.

“டம்மி எண்டாலும் கூப்பிட்டவர் எல்லோ அண்ணை” என்று என் காதில் கத்தினார். “பேர் சொல்லி, மூண்டு தரம். அண்டைக்கு எங்கட ஊரிலை நான் கூப்பிடேல்லை.”

அதன் பிறகு சில வருஷம் இருந்தார். பிறகு ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் வழியனுப்பினேன். “பிளேனிலைதான் கூட்டிக்கொண்டு போகினமாம், பாருங்கோவன்” என்று சிரித்தார். அவர் கொடுத்த நம்பர் கொஞ்ச நாள் அடித்தது. இப்போது உபயோகத்தில் இல்லை என்கிறது. தேவசகாயம் சார் இறந்து போனார். என் மனைவியும் போய்விட்டாள், பையன் ஓசூரில் இருக்கிறான். இதை எழுதலாமா என்று கேட்க ஆள் இல்லை. எழுதினால் யாருக்காவது கெடுதல் வருமா என்று பல நாள் யோசித்தேன். சாருக்கு இனிமேல் ஒன்றும் ஆகாது. நேசன் எங்கிருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அதனால் எழுதிவிட்டேன். மலரில் அச்சடிக்கும்போது பேர்களைத் தப்பில்லாமல் போடச் சொல்லு தினேஷ். பாக்கியம், தவமணி, நிரோஜா, கஜன். அவர்கள் டம்மி இல்லை.

என் வீட்டுக்குப் புதுச் சங்கு நன்றாகவே கேட்கிறது. மாதா மாதம் அது ஏறி இறங்கி ஊதும்போது நான் வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன். எதிர் ரூமில் வாடகைக்கு இருக்கிற கம்பெனிப் பையன்கள் ஷிப்ட் முடிந்து வருவார்கள். “இன்னா பெரிசு, யாருக்கு வெய்ட்டிங்?” என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

அவர்கள் உள்ளே போனதும் அந்த நாலு பேரையும் மெதுவாகக் கூப்பிட ஆரம்பிப்பேன். மூன்று மூன்று தடவை கூப்பிட வேண்டும், பதில் வருகிறதா என்று கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் வேகமாக எண்ணிவிடுகிறது போலிருக்கிறது. நான் கஜனுக்கு வருவதற்குள் நீளச் சங்கு வந்துவிடுகிறது.